சாயத்தண்ணியும் செட் மாத்திரையும்

அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டபோதுதான் அதை முதலில் பார்த்தேன். நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள். தேயிலைக் கறை ஏறி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் கருத்துத்தான் இருக்கும். அந்தக் கறைக்கு நடுவே நகங்கள் பள்ளம் விழுந்து, விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு, கரண்டி மாதிரி இருந்தன. அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். கட்டைவிரல் நகத்துக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழியாமல் அப்படியே நின்றது.

"வயசானா நகமும் தேயும் புள்ள" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். நகம் இப்படிக் குழிவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று அப்போது தெரியாது. அன்றைக்கே விசாரித்திருந்தால் ஒரு வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே. அம்மாவுக்கு இப்போது 58 வயது. இலங்கை மலைநாட்டில் பிறந்தவர். 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா வந்து நீலகிரியில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அவர் வந்தபோது எட்டு வயது. அங்கிருந்து கொண்டுவந்த சில பழக்கங்கள் இன்னும் போகவில்லை: காலையில் கனமான கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கூடவே சாயத்தண்ணி. பால் சேர்க்காத கறுப்புத் தேநீரைத்தான் எங்கள் ஆட்கள் சாயத்தண்ணி என்பார்கள். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு ஏழு டம்ளர் போகும்.

முதலில் ஏத்தத்தில் மூச்சு வாங்கியது. முப்பது வருடமாக ஏறி இறங்கிய அதே ஏத்தம்தான். அப்புறம் எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ராத்திரி கால்கள் சும்மா கிடக்காமல் குறுகுறுவென்று ஏதோ ஊர்வது போல இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மியா இருக்கு" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு டானிக்கும் எழுதிக்கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் அது 9.4 ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். மாத்திரையை நிறுத்தினோம். அடுத்த மூன்று மாதத்தில் 8.1. மறுபடி மாத்திரை, மறுபடி டானிக். பீட்ரூட் சாறு போடு என்றார்கள், பேரீச்சம்பழச் சிரப் வாங்கு என்றார்கள், எல்லாம் செய்தோம். இப்படியே எட்டு ஒன்பது மாதம் ஓடியது. அந்த எட்டு ஒன்பது மாதமும், ரத்தம் ஏன் குறைகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்யும் அக்காமார் முகத்தில் தண்ணீர் தெளித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மறுநாள் காலையில் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவைக்குப் போனோம். அங்கே ஒரு மருத்துவமனையில் பார்த்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே மூன்று கேள்வி கேட்டார். "அம்மா, உங்களுக்குத் தீட்டு நின்னு எத்தனை வருஷமாச்சு? வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? மலம் என்ன நிறத்துல போகுது?"

தீட்டு நின்று ஒன்பது வருடம். மலம் கறுப்பாகத்தான் போகிறது, ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் இரும்பு மாத்திரையால் வருகிற கறுப்பு வேறு, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து வருகிற கறுப்பு வேறு. முதலாவது கரும்பச்சையாக, சாதாரணமாகப் போகும். இரண்டாவது தார் மாதிரி பளபளப்பாக, ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது, நாற்றமும் தனியாக இருக்கும். டாக்டரம்மா விளக்கிச் சொன்னதும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஒட்டத்தான் செஞ்சிச்சு" என்று மெதுவாகச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி இதையெல்லாம் யாரிடம் சொல்வார்? நாமாகக் கேட்டால்தான் உண்டு.

வலி மாத்திரைக் கேள்விக்கு "இல்லை" என்றார் முதலில். அப்புறம்தான் செட் மாத்திரை வெளியே வந்தது.

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முட்டி வலி, இடுப்பு வலி என்று மெடிக்கலில் போய் "ஒரு செட் குடுங்க தம்பி" என்றால் மூன்று நான்கு மாத்திரையை ஒரு துண்டுத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. அம்மா வாரத்தில் நாலைந்து நாள் காலையில் ஒரு செட், சில நாள் சாயந்திரம் இன்னொன்று என்று மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சேலை முடிச்சில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது. டாக்டரம்மா அதை மேசையில் பிரித்து வைத்துப் பார்த்தார். ஒன்று டைக்ளோபினாக். குட்டியாக இருந்தது ஸ்டீராய்டு. மூன்றாவது வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கிறது. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உள்தோலைக் காக்கும் வேதிப்பொருள் சுரப்பதைத் தடுக்கும். கூட ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண் விழுந்து ரத்தம் கசிகிற ஆபத்து இன்னும் அதிகம். இதில் மோசமான விஷயம், இப்படி வருகிற புண் பலருக்கு வலிக்கவே வலிக்காது. எரிச்சல் மாத்திரையும் கூடவே போய்க்கொண்டிருந்ததால் அம்மாவுக்கு வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை எனக்கு ஒரு நர்ஸ் அக்கா சொன்னார். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். ஆக, தினம் இரண்டு டீஸ்பூன் ரத்தம் உள்ளுக்குள் கசிந்தாலே ஐந்து மில்லிகிராம் போய்விடுகிறது. இரண்டு டீஸ்பூன் கசிவது யார் கண்ணுக்கும் தெரியாது. எவ்வளவு பேரீச்சம்பழம் தின்றாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

அன்று வந்த ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 7.2, எம்.சி.வி. 64, ஃபெரிட்டின் 5. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் அளவு. 80-க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று அர்த்தம். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பு. 15-க்குக் கீழே என்றால் பானை காலி. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுத்த சிவப்பணு என்றாலே இரும்புக் குறைவு ஆகிவிடாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் அணுக்கள் சிறுத்துத்தான் இருக்கும், அவர்களுக்கு இரும்பைக் கொட்டிப் பயன் இல்லை. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பார்கள். 13-க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவு பக்கம், கீழே வந்தால் தலசீமியா பக்கம் என்று ஒரு தோராயக் கணக்கு. அம்மாவுக்கு 64-ஐச் சிவப்பணு எண்ணிக்கையான 3.9-ஆல் வகுத்தால் 16 சொச்சம். நீலகிரியில் இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் அரிவாள் அணு நோய் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான மரபுக்கூறு 1952-ல் முதன்முதலாகப் பதிவானதே இந்த மலைப் பழங்குடி மக்களிடம்தான். அதனால் இங்கே பரம்பரையில் ரத்தக் குறைபாடு இருக்கிற குடும்பம் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதற்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது.

வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிற எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோபி இரண்டும் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா கேட்கவே இல்லை. "வயித்துக்குள்ள குழாய் விடுறதுக்கு நான் இப்படியே போய்ச் சேர்றேன்" என்றார். வலி மாத்திரைதான் காரணம் என்று தெரிந்துவிட்டதே, பெருங்குடலை எதற்குப் பார்க்க வேண்டும் என்று நானும் கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: தீட்டு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும், இரும்புக் குறைவு வந்தால் குடலில் எங்கோ கசிகிறது என்று வைத்துத்தான் தேட வேண்டும். மேலே ஒரு புண் இருப்பதால் கீழே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. குடல் புற்றுநோய்க்கே சிலருக்கு முதல் அடையாளம் இந்தச் சோகைதான். அந்த வார்த்தையைக் கேட்டபின் நான் மறுபேச்சுப் பேசவில்லை. அம்மாவை என் சின்ன மகள்தான் சம்மதிக்க வைத்தாள். என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கொலோனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்னாலேயே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் குடல் சுவரெல்லாம் கறுப்புப் படிந்து சரியாகத் தெரியாது. முந்தின நாள் குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீரைக் குடிப்பதுதான் கஷ்டம். பரிசோதனை அத்தனை கஷ்டம் இல்லை என்று அம்மாவே சொன்னார். பெருங்குடல் சுத்தமாக இருந்தது. இரைப்பையில் இரண்டு புண்கள். கூடவே ஹெச். பைலோரி என்ற கிருமியும் இருந்தது. இந்தக் கிருமி புண்ணையும் வளர்க்கும், இரும்பு உடம்பில் சேர்வதையும் கெடுக்கும்.

மருத்துவம் மூன்று பக்கமாக நடந்தது. செட் மாத்திரை அன்றோடு நின்றது. முட்டிக்குப் பாராசிட்டமாலும், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும். கிருமிக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்குகள். புண் ஆற அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை எட்டு வாரம். அமிலம் குறைந்தால் வாய்வழி இரும்பு சரியாக ஏறாது. புண்ணுக்குக் கொடுக்கிற மருந்தே இரும்பைத் தடுக்கும் என்பதால், ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்ற முடிவு செய்தார்கள். எவ்வளவு வேண்டும் என்பதை டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் எங்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினார். ஹீமோகுளோபின் இலக்கான 15-லிருந்து அம்மாவின் 7.2-ஐக் கழித்து, எடை 46 கிலோவால் பெருக்கி, 2.4-ஆல் பெருக்கி, கையிருப்புக்கு 500 கூட்டினால் 1,361 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 வீதம், வாரம் மூன்று நாள், மொத்தம் ஏழு பாட்டில். உப்புத் தண்ணீர் பாட்டிலில் அடர்ந்த பழுப்பு நிறத்தில் அந்த மருந்து இறங்குவதைப் பார்த்து அம்மா, "சாயத்தண்ணியத்தான் ஏத்துறாங்க போல" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

சாயத்தண்ணிக்கு வருகிறேன். தேநீருக்குத் துவர்ப்பும் நிறமும் கொடுக்கிற பொருள்களில் ஒரு பகுதி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியம் என்று தாவர உணவில் இருக்கிற இரும்பை அது குடலில் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு குடித்தால் சேரவேண்டியதில் பாதிக்கும் மேல் போய்விடும். பால் டீயும் இதற்கு விலக்கு இல்லை, காபியும் அப்படித்தான். இந்த மலையில் பிறந்து, தேயிலையால் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இதைக் கேட்டபோது மனசு கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கோ கோபம். "தேத்தண்ணி இல்லாம ரொட்டி எப்படித் தொண்டையில இறங்கும்?" கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். ரொட்டியோடு சுடுதண்ணீர், அல்லது நெல்லிக்காய் பிழிந்த தண்ணீர். வைட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும் என்பதால் நெல்லிக்காய்க்கு இரட்டை லாபம். சாயத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். தேநீரை விடச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். நேரத்தை மாற்றச் சொன்னால் கேட்கிறார்கள்.

பீட்ரூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் மலையில் விளைவது என்றாலும். நிறம் சிவப்பு என்பதைத் தவிர அதற்கும் ரத்தத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஈரலும்தான் உண்மையில் இரும்பு நிறைந்தவை. அதில் இருக்கும் இரும்பைத் தேநீர் அவ்வளவாகத் தடுக்காது, உடம்பும் சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் கையிருப்பே காலியானபின் உணவால் மட்டும் நிரப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஏழு பாட்டில் செய்ததை முருங்கைக்கீரை செய்திருக்காது.

இரும்பு ஏற்றியபின் அம்மாவின் ஹீமோகுளோபின் நான்காவது வாரம் 9.6. எட்டாவது வாரம் 11.7. எண்ணிக்கை ஏறுவதற்கு முன்னாலேயே, இரண்டாவது வாரத்தில், ராத்திரி கால் குறுகுறுப்பு நின்றுவிட்டது. கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி ஒரு பரிசோதனை உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமும், அமில மாத்திரை நிறுத்தி இரண்டு வாரமும் ஆன பிறகு எடுத்தால்தான் முடிவை நம்ப முடியும். அம்மாவுக்குக் கிருமி போயிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கோங்க" என்றார். எனக்கு 36 வயது, இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. களைப்பு எல்லாம் வீட்டு வேலையால் என்று நினைத்திருந்தேன். ஹீமோகுளோபின் 11.9. பன்னிரண்டுக்கு ஒரு புள்ளிதானே குறைவு என்றேன். அப்போதுதான் மலைக்கணக்கு தெரிந்தது. உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மலையில் வசிக்கிறவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்க வேண்டும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்த உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வரம்பைக் கூட்ட வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் வரம்பு சமவெளிக்கு உரியது. என் ஃபெரிட்டின் 8.

எனக்குக் காரணம் வேறு. பச்சரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேன். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சின்ன வயதில் திட்டுவார்களே, அது பழக்கம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடங்காமல் அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, மண் என்று தின்னத் தோன்றுவதே இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். மாதவிலக்கு ஏழெட்டு நாள், முதல் மூன்று நாள் கட்டி கட்டியாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம், அதனால் அதுதான் இயல்பு என்று இருபது வருடம் நம்பியிருக்கிறேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சின்ன நார்க்கட்டி. அந்த நாட்களில் மட்டும் போக்கைக் குறைக்கும் மாத்திரை, கூடவே இரும்பு. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு மாத்திரை போட்டதும் உடம்பில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த ஒரு நாள் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும். ஒரு நாள் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகச் சேர்கிறது என்று 2017-ல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மலச்சிக்கலும் குமட்டலும் எனக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் ரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எப்படி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கால்சியம் மாத்திரையும் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று காலை, ஒன்று ராத்திரி.

ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடத்தான் தோன்றும். அம்மா விஷயத்தில் செய்த தப்பு அதுதான். எண் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தேன், கையிருப்பு நிரம்ப அவ்வளவு காலம் வேண்டும். ஆறாவது மாதம் ஃபெரிட்டின் 41. அரிசி மெல்லுகிற ஆசை எப்போது போனது என்றே தெரியவில்லை. ஒருநாள் களைந்த அரிசியை அப்படியே உலையில் போட்டபோதுதான் கவனித்தேன்.

போன வாரம் அம்மா மெடிக்கலுக்குத் தைலம் வாங்கப் போயிருந்தார். மேலே தோட்டக் குடியிருப்பு லயத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர், அறுபது தாண்டியவர், "ஒரு செட் குடு தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அம்மா அவரை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, கீழ் இமையைத் தானே இழுத்துப் பார்த்திருக்கிறார். சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. மூன்று மாதமாக டானிக் குடிக்கிறாராம். அம்மா அவரிடம் டாக்டரம்மாவின் அதே மூன்றாவது கேள்வியைக் கேட்டிருக்கிறார், கடை வாசலில் நின்றே.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் கோவைக்குப் போகிறோம்.